சிசிலி அம்மையாரின் மருத்துவப் பை



நம் பள்ளிக்குத் தாதியர் வரும் நாள் உங்களுக்கு நினைவிருக்கும். நாம் வரிசையில் நிற்போம். ஒவ்வொருவராக எடை பார்ப்பார்கள், உயரம் அளப்பார்கள், கண்ணைச் சோதிப்பார்கள். பின்னர் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார்கள். நீங்கள் பிறந்த நாளிலிருந்து உங்களுக்கென ஒரு சுகாதாரப் புத்தகமும் இருக்கிறது. எந்த மாதத்தில் எவ்வளவு எடை, எந்த நாளில் எந்தத் தடுப்பூசி என்பவை யாவும் அதில் உள்ளன. அதை உங்கள் அன்னையார் பத்திரமாக வைத்திருப்பார்.

இவையெல்லாம் என்றும் இப்படியே இருந்தன என்று எண்ணிவிடாதீர்கள். நாம் வாழும் பூன் லே வட்டாரம், இங்குத் தோட்டம் வைத்திருந்த சியூ பூன் லே என்னும் வணிகரின் பெயரைத் தாங்கியது. 1930ஆம் ஆண்டுகளில் இப்பக்கத்தில் அடுக்குமாடி வீடுகள் இல்லை. ரப்பர்த் தோட்டங்களும் சதுப்பு நிலங்களும் கம்பங்களுமே இருந்தன. அக்காலச் சிங்கப்பூரில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை முதல் பிறந்தநாளைக் காணும் முன்னரே இறந்தன. இன்று அந்த எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டாகக் குறைந்துவிட்டது. இம்மாற்றம் பலருடைய உழைப்பால் வந்தது. அவர்களுள் ஒருவர், நம் தீவில் பணிபுரிந்து, நம் தீவிலேயே சிறையும் கண்ட குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார். அவருடைய வாழ்க்கையை இங்குக் காண்போம்.

இளமையும் கல்வியும்

சிசிலி டெல்ஃபின் வில்லியம்ஸ், மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய ஜமைக்காவில் 1893ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் பிறந்தார். அவர் தந்தையார் அத்தீவின் கல்வித் துறைக்குத் தலைவராக விளங்கியவர். பதின்மூன்று வயதில் சிசிலி படிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். பத்தொன்பது வயதில் ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆயினும், புயலாலும் நிலநடுக்கத்தாலும் துன்புற்றிருந்த ஜமைக்காவில் தம் பெற்றோருக்குத் துணை தேவை என்பதை உணர்ந்து அவர் ஊர் திரும்பினார். கிடைத்த இடத்தை விட்டுக்கொடுத்தார்.

1916இல் தந்தையார் மறைந்தார். அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் பலர் போர்முனைக்குச் சென்றுவிட்டதால் மருத்துவ வகுப்புகளில் பெண்களுக்கும் இடம் கிடைத்தது. சிசிலி மீண்டும் ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்று மருத்துவம் பயின்று, 1923இல் மருத்துவரானார். இலண்டனில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவமனையில் வேலை செய்தபோது, குழந்தை மருத்துவமே தமக்குரிய துறை என்று முடிவு செய்தார். குழந்தையின் நோயை அறிய வேண்டுமானால் அதன் வீட்டை அறிய வேண்டும் என்பது அப்போதே அவர் உள்ளத்தில் வேரூன்றிய கொள்கை.

பையில் என்ன இருந்தது?

அக்காலத்துக் குழந்தை மருத்துவர் ஒருவரின் தோல் பையைத் திறந்து பார்ப்போமா? பை சிறியது; கருவிகளும் சிலவே.

முதலாவது ஸ்டெதாஸ்கோப். 1816இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னக் ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, அதன் ஒரு முனையை நோயாளியின் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்துக் கேட்டார். நெஞ்சின் ஒலி தெளிவாகக் கேட்டது. அந்தத் தாள்குழல் பின்னர் மரக்குழலாயிற்று. அதன்பின் இரு காதுகளிலும் பொருத்தும் இரப்பர்க் குழாயாக வளர்ந்தது. எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தைக்கு இக்கருவி பேருதவி புரிந்தது.

இரண்டாவது காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி. தொடக்கத்தில் அது ஏறக்குறைய ஓர் அடி நீளம் இருந்தது. அளவு காட்ட இருபது நிமிடம் பிடித்தது. அழும் குழந்தையை அவ்வளவு நேரம் யாரால் பிடித்து வைத்திருக்க முடியும்? 1860களின் பிற்பகுதியில் ஆல்பட் என்னும் ஆங்கில மருத்துவர் ஆறு அங்குல வெப்பமானியை உருவாக்கினார். அது ஐந்து நிமிடத்தில் அளவு காட்டியது.

மூன்றாவது, கொதிநீரில் இட்டுச் சுத்தம் செய்து மீண்டும் மீண்டும் பயன்படுத்திய கண்ணாடி ஊசிக்குழல். தொண்டையைப் பார்க்கும்போது நாக்கை அழுத்தும் தட்டைக் கரண்டியும் உண்டு. பைக்குள் அடங்காமல் மருத்துவமனை மேசையில் இருந்தது, தொட்டில் போன்ற தட்டையுடைய எடைத்தராசு.

நோயைக் கண்டறியும் கருவிகள் இருந்தன. ஆனால் நோயைத் தீர்க்கும் மருந்துகளோ மிகக் குறைவு. பெனிசிலின் 1928இல் கண்டறியப்பட்டபோதிலும், 1940களில்தான் மக்களின் கைக்கு எட்டியது. ஆகவே அன்றைய மருத்துவர் தம் கண்ணையும் காதையும் பொறுமையையும் பெரிதும் நம்ப வேண்டியிருந்தது.

ஒரு சொல் தந்த அறிவு

1929இல் சிசிலி அம்மையார் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளின் மருத்துவப் பணியில் சேர்ந்து, ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டுக்குச் சென்றார். அந்நாடு இன்று கானா என வழங்குகிறது. பெண் மருத்துவர் என்பதால் அவருக்கு ஆண் மருத்துவரைவிடக் குறைந்த ஊதியமே தரப்பட்டது. அவர் அக்ரா நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றினார்.

அங்கு ஒருவகை நோய் பல குழந்தைகளைக் கொண்டுசென்றது. கை கால்கள் வீங்கும், தோல் உரியும், கருமையான முடி செம்மை நிறமாக மாறும், குழந்தை எதையும் விரும்பாமல் சோர்ந்து கிடக்கும். ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளே இதற்கு இரையாயினர். நூல்களில் இதற்குத் தெளிவான விளக்கம் இல்லை. மற்ற மருத்துவர்கள் இதனை முன்பே அறிந்த வேறொரு நோய் எனக் கருதினர்.

அம்மையாருக்கு ஐயம் எழுந்தது. இறந்த குழந்தைகளின் உடல்களை அவரே ஆராய்ந்தார். அப்போது நோய்க்கிருமி தொற்றிச் சாவின் விளிம்பு வரை சென்று மீண்டார். அதன் பின்னும் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. பின்னர், அந்நோயை அவ்வூர்த் தாய்மார்கள் எவ்வாறு அழைக்கின்றனர் என்று விசாரித்தார். கா என்னும் அவர்கள் மொழியில் அதற்குக் குவாஷியோர்கர் என்று பெயர். அடுத்த குழந்தை பிறக்கும்போது மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அச்சொல்லின் கருத்து.

அச்சொல்லில் உண்மை அடங்கியிருந்தது. தம்பியோ தங்கையோ பிறந்தவுடன் மூத்த குழந்தைக்குத் தாய்ப்பால் நின்றுவிடும். அதன்பின் அதற்குக் கிடைப்பது மக்காச்சோளக் கஞ்சி மட்டுமே. வயிறு நிறையும், ஆனால் உடலை வளர்க்கும் புரதச்சத்து கிடைக்காது. ஆக, அது கிருமியால் வந்த நோயன்று. உணவுக் குறையால் வந்த நோய். அம்மையார் 1933இல் இதனைக் கட்டுரையாக எழுதினார். 1935இல் அந்த ஆப்பிரிக்கப் பெயரையே நோய்க்குச் சூட்டி மற்றொரு கட்டுரையும் வெளியிட்டார். பெரிய மருத்துவர் சிலர் ஏற்க மறுத்தனர். காலப்போக்கில் உலகம் ஏற்றுக்கொண்டது. புரதக் குறையோடு வேறு காரணங்களும் சேர்கின்றன என இன்றைய ஆய்வாளர் கூறுகின்றனர். எனினும் அந்நோயின் பெயர் இன்றும் குவாஷியோர்கர்தான். உங்கள் அறிவியல் நூலிலும் ஒருநாள் அச்சொல்லைக் காண்பீர்கள்.

நோயுற்ற அக்குழந்தைகளுக்கு மீன் எண்ணெயும் டின் பாலும் கொடுத்து அம்மையார் பலரைப் பிழைக்க வைத்தார். டின் பாலை மறந்துவிடாதீர்கள். அது மீண்டும் வரும்.

அக்ராவில் அவர் மற்றொரு நல்ல பழக்கத்தையும் தொடங்கினார். நோய் வந்தபின் மட்டுமன்றி, நலமாக இருக்கும்போதும் குழந்தைகளைத் தாய்மார்கள் அழைத்து வரலாம் என்றார். தாதியரை வீடுகளுக்கு அனுப்பினார். ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அட்டை வைத்துக் குறிப்பெழுதச் செய்தார். ஒருநாள் பார்த்த எடை தனித்து நின்றால் அதிகம் சொல்லாது. சென்ற மாத எடையோடு ஒப்பிட்டால்தான் குழந்தை வளர்கிறதா தேய்கிறதா என்பது விளங்கும். நம் சுகாதாரப் புத்தகமும் இந்த எண்ணத்தின் வழிவந்ததே.

சிங்கப்பூரில் ஒரு சொற்பொழிவு

மேலதிகாரி ஒருவரோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1936இல் அம்மையார் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். சிங்கப்பூரில் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியில் விரிவுரை ஆற்றினார். குழந்தைகளுக்கு மருத்துவமும் பார்த்தார்.

இங்கு அவர் கண்ட துன்பம் வேறுவகையானது. ஆப்பிரிக்காவில் இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள் நலிந்தனர். இங்கோ பச்சிளங் குழந்தைகள் வயிற்றுப்போக்காலும் சத்துக்குறைவாலும் இறந்துகொண்டிருந்தனர். காரணத்தைத் தேடிய அம்மையாரின் பார்வையில் பட்டது ஒரு பால் டின்.

சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய டின் பால் அன்று கடைதோறும் விற்றது. கொழுப்பு நீக்கிய பாலில் செய்த மலிவான வகையும் இருந்தது. குழந்தைக்கு வேண்டிய கொழுப்பும் உயிர்ச்சத்துகளும் அதில் இல்லை. அதனை விற்போர், தாதியரைப் போல உடையணிந்த பெண்களை வீடுகளுக்கு அனுப்பி, தாய்ப்பாலைவிட இதுவே சிறந்தது என்று தாய்மார்களை நம்பவைத்தனர். நம்பிய ஏழைத் தாய், பால் டின் விரைவில் தீர்ந்துவிடாதிருக்க அதில் நீரை மிகுதியாகக் கலந்தாள். நீரோ கொதிக்க வைக்காத நீர். பால்புட்டியைக் கழுவித் தூய்மை செய்யவும் அவள் வீட்டில் வசதியில்லை. கிருமிகள் பெருகின. இதற்கிடையே தாயிடம் பால் சுரப்பதும் நின்றுவிட்டது. பின்பு டின் பாலை நிறுத்தவும் வழியில்லை.

ஆப்பிரிக்காவில் நோயுற்ற குழந்தைக்கு மருந்தாக நின்ற டின் பால், இங்குப் பச்சிளங் குழந்தைக்கு நஞ்சாயிற்று. யாருக்கு, எப்போது, எதற்காகக் கொடுக்கிறோம் என்பதே வேறுபாடு.

1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தார் அம்மையாரைப் பேச அழைத்தனர். நகரின் பெரிய வணிகர்களும் அலுவலர்களும் கூடும் சங்கம் அது. அம்மையார் தம் பேச்சுக்கு வைத்த தலைப்பு, பாலும் கொலையும் என்பது. தவறான விளம்பரத்தால் குழந்தைகள் இறப்பதை எதிர்பாரா நிகழ்வு என்று தள்ளிவிடலாகாது என்றும், அதற்குக் காரணமானோரைக் கொலைக் குற்றத்துக்கு உரியவராகக் கருத வேண்டும் என்றும் அவர் அச்சமின்றிக் கூறினார். அரசுப் பணியிலிருந்த பெண் ஒருவர், அதுவும் வணிகர் நிறைந்த மன்றத்தில், இப்படிப் பேசுவது அந்நாளில் எளிதான செயலன்று.

அவர் விதைத்த விதை முளைக்க நெடுங்காலமாயிற்று. 1981ஆம் ஆண்டில்தான், குழந்தைப் பால்மாவு விற்பனைக்கு நெறிமுறைகளை உலகச் சுகாதார மன்றம் ஏற்றுக்கொண்டது.

கருவிகள் இல்லாத மருத்துவர்

1941இல் அம்மையார் மலாயாவின் கிழக்குக் கரையிலுள்ள திரங்கானுவில் பணியாற்றினார். அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அம்மையார் கடும் பயணம் செய்து சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தது.

ஐரோப்பியப் பொதுமக்களை ஜப்பானியர் சிறைப்படுத்தினர். மார்ச் மாதம், பெண்களும் பிள்ளைகளும் காத்தோங்கிலிருந்து சாங்கிச் சிறைக்கு நடந்தே சென்றனர். கையில் சுமக்க முடிந்ததே அவர்களின் உடைமை. 600 கைதிகளுக்கென 1936இல் கட்டப்பட்ட அச்சிறையில் ஏறத்தாழ 3,000 பேர் அடைக்கப்பட்டனர். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனிப்பகுதி ஒதுக்கப்பட்டது. உணவு குறைவு, மருந்து அதனினும் குறைவு.

முன்பு நாம் கண்ட மருத்துவப் பையை இப்போது நினைத்துப் பாருங்கள். நல்ல மருத்துவமனை இல்லை. வேண்டிய மருந்து இல்லை. பால் டின்னோ பால்புட்டியோ எளிதில் கிடைக்கும் நிலையும் இல்லை. அந்நிலையில் சிறைக்குள் குழந்தைகள் பிறந்தன. அவற்றை எப்படிக் காப்பது?

தாய்மார்கள் அனைவரும் தம் குழந்தைகளுக்குத் தாய்ப்பாலே ஊட்ட வேண்டும் என்று அம்மையார் வற்புறுத்தினார். இளைத்திருந்த அன்னையருக்குத் துணை நின்றார். பிறந்த குழந்தைகள் இருபது. தாய்ப்பால் உண்டவை இருபது. உயிர் பிழைத்தவையும் இருபது. இது அம்மையார் பின்னாளில் தந்த கணக்கு. நகரத்தின் வசதிகளுக்கு இடையே எத்தனையோ குழந்தைகள் மடிந்திருக்க, பசியும் பிணியும் நிறைந்த சிறைக்குள் இந்த இருபதும் வாழ்ந்தன. ரோட்டரி சங்கத்தில் அவர் வாயால் சொன்னதற்குச் சாங்கிச் சிறை சான்று பகர்ந்தது.

அவருக்கோ துன்பம் மேலும் காத்திருந்தது. பெண்கள் பகுதியின் தலைவர்களுள் ஒருவராக அவர் விளங்கினார். 1943 செப்டம்பரில் துறைமுகத்தில் நின்ற ஜப்பானியக் கப்பல்கள் தகர்க்கப்பட்டன. சிறையிலிருந்தோரே அதற்கு உதவினர் என ஜப்பானியர் தவறாக ஐயுற்றனர். அக்டோபர் 10ஆம் நாள் சோதனை தொடங்கிற்று. அம்மையாரும் ஜப்பானிய இராணுவப் போலீசின் தலைமையிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஸ்டாம்ஃபோர்டு சாலையில் இருந்த பழைய ஒய்.எம்.சி.ஏ. கட்டிடமே அந்த இடம். நம் நாட்டு வீரப் பெண்மணி எலிசபெத் சாய் அவர்களும் அங்குதான் அடைபட்டிருந்தார். கூண்டு போன்ற அறையில், நோயுற்றுச் சாகும் நிலையிலிருந்த ஆண் கைதிகளுடன் அம்மையார் பல மாதங்களைக் கழித்தார். உயிர்ச்சத்துக் குறைவால் பெரிபெரி நோய் கண்டது. அதனால் அவர் பாதங்களில் உணர்வு மங்கியது. அக்குறை வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை. உணவுக்குறை நோயை உலகுக்கு விளக்கியவரே உணவுக்குறை நோய்க்கு ஆளானார்.

1945இல் போர் முடிந்தபோது அவர் மிகவும் நலிந்த நிலையில் இருந்தார்.

மீண்டும் தொண்டு

உடல் தேறியதும் ஓய்வெடுக்க எண்ணினாரா? இல்லை. மலாயாவுக்குத் திரும்பி, தாய்சேய் நலப் பணிகளுக்குத் தலைமை ஏற்றார். 1948இல் புதிதாகத் தோன்றிய உலகச் சுகாதார நிறுவனம், தன் தாய்சேய் நலப் பிரிவுக்கு அவரை முதல் தலைவராக்கியது. பின்னர்த் தென்கிழக்காசிய வட்டாரத்திலும் பணியாற்றினார். 1950களின் தொடக்கத்தில், தாம் பிறந்த ஜமைக்காவில் குழந்தைகளைத் தாக்கிய வாந்தி நோயை ஆராய்வதில் பங்குகொண்டார். லெபனான் நாட்டின் பெய்ரூட் நகரில் பேராசிரியராக இருந்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்று மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் கற்பித்தார்.

ஒவ்வொரு நாட்டிலும் அவர் வலியுறுத்தியது ஒன்றே. மருத்துவம் ஒரு பக்கம், நோய்த்தடுப்பு மறுபக்கம் எனப் பிரித்து வைக்கலாகாது. தாயையும் சேயையும் தனித்தனியே பார்க்கலாகாது. அவ்வூர்ப் பாட்டிமாரும் மருத்துவச்சிகளும் அறிந்து வைத்திருப்பவற்றை இகழாமல் கேட்க வேண்டும். நல்லதை ஏற்றுத் தீயதை விலக்க வேண்டும். நம் பாட்டிமார் பாலாடையால் குழந்தைக்குப் பால் புகட்டியதை அறிவீர்கள். மூடியும் குழாயும் இல்லாத பாலாடையைக் கழுவுவது எளிது. புட்டியைக் கழுவுவது கடினம். பழைய பொருளிலும் அறிவு உண்டு.

1965இல் பிரிட்டனின் குழந்தை மருத்துவர் சங்கம் அவருக்கு ஜேம்ஸ் ஸ்பென்ஸ் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. 1968இல் அரசின் விருதும் கிடைத்தது. 1992ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள், தமது 98ஆம் வயதில், ஆக்ஸ்ஃபோர்டில் அவர் இயற்கை எய்தினார். திருமணம் செய்துகொள்ளாத அவர் தம் வாழ்வைப் பிறர் குழந்தைகளுக்கே அளித்தார். அவருடைய ஏடுகளும் கடிதங்களும் குறிப்புகளும் இலண்டன் வெல்கம் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

நாம் காணக்கூடியவை

மாணவர்களே! பூன் லே நிலையத்தில் பச்சைநிற வழித்தட ரயிலில் ஏறி ஊட்ரம் பார்க்கில் இறங்குங்கள். காலேஜ் சாலையில், 1926இல் எழுப்பப்பட்ட பெரிய தூண்களையுடைய மருத்துவக் கல்லூரிக் கட்டிடத்தைக் காணலாம். இன்று அங்குச் சுகாதார அமைச்சு இயங்குகிறது. தீவின் மறுகோடியில் சாங்கிச் சிறையின் பழைய வாயிலும் சுவரும் கோபுரங்களும் நிற்கின்றன. 2016இல் அவை தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டன. அவ்விரண்டையும் காணும்போது சிசிலி அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை தாதியர் உங்களைத் தராசில் ஏறச் சொல்லும்போது சிணுங்காதீர்கள், நேராக நில்லுங்கள். வீட்டுக்குப் போனதும் அன்னையாரிடம் உங்கள் சுகாதாரப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். நீங்கள் பிறந்த அன்று இருந்த எடை அங்கே எழுதப்பட்டிருக்கும். அதிலிருந்து இன்றுவரை நீங்கள் வளர்ந்து வந்திருக்கிறீர்கள். ஒவ்வொரு குழந்தையும் அவ்வாறு வளர வேண்டும் என்பதே அந்த அம்மையார் தம் வாழ்நாளெல்லாம் வேண்டியது. நல்லதை ஆராய்ந்து அறிவோம்; அறிந்ததை அஞ்சாமல் சொல்வோம்; எளியோர் சொல்லையும் காதுகொடுத்துக் கேட்போம்.